மாந்தோப்பிலேயே ஒயின் செய்து, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க முடியுமா?

தோப்புக்கார டீச்சர் (காவேரிப்பட்டணம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் என் வீட்டுக்காரரும் குடிக்கிறவர்கள் அல்ல. நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியே கண்ணாடி போட்டவர். "இந்த வயதில் டீச்சருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்" என்று எழுத நினைப்பவர்கள் எழுதிவிட்டு மேலே படிக்கலாம். என் நாத்தனார் அதை ஏற்கெனவே நேரில் சொல்லிவிட்டாள்.

மகள் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் இருக்கிறாள். போன செப்டம்பரில் அங்கே போயிருந்தபோது மருமகன் எங்களை லோடி என்ற ஊருக்கு அழைத்துப் போனார். தெற்கே முக்கால் மணி நேரம். சாலைக்கு இரு பக்கமும் திராட்சை. நாம் பார்த்துப் பழகிய பந்தல் கிடையாது. சில தோட்டங்களில் கம்பிகூட இல்லை. கிழட்டுக் கொடிகள் இடுப்பு உயரத்தில், முண்டும் முடிச்சுமாக, கூன் விழுந்த பாட்டன்மார் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் தங்கள் குடும்பப் பெயரிலேயே ஒயின் செய்து, அங்கேயே ஊற்றிக் கொடுக்கிறார்கள். அந்த மனிதரின் நகக்கண்ணெல்லாம் கறுத்துக் கிடந்தது, மாங்காய் இறக்கும் பருவத்தில் பால் பட்டு நம் ஆட்களின் விரல் கறுக்குமே, அப்படி. அந்த அம்மாள் ஐந்து கண்ணாடிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவு ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னாள். விழுங்க விருப்பமில்லாதவர்கள் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வேறு. என் வீட்டுக்காரர் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். நாவல்பழம் தின்றது போல நாக்கு தடித்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் 14 பேர் வந்தார்கள். ருசி பார்க்கத் தலைக்கு 15 டாலர். பாதிப் பேர் போகும்போது ஆளுக்கு இரண்டு மூன்று புட்டி வாங்கிப் போனார்கள். தரகர் இல்லை, மண்டி இல்லை, கமிஷன் இல்லை.

இப்போது எங்கள் கதை. 4 ஏக்கர், 150 மரம். பெரும்பாலும் பெங்களூரா. கொஞ்சம் செந்தூரா, நீலம். வீட்டை ஒட்டி இரண்டு இமாம்பசந்து, மாமியார் வைத்த ஒரு மல்கோவா. முன்பெல்லாம் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவோம். இந்த வருடம் குத்தகைக்காரர் வரவே இல்லை, நாங்களே இறக்கினோம். மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் லாரி ஒன்றரை நாள் நின்றது. கிலோ நான்கு ரூபாய். பறிப்புக் கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை போக என் கணக்கில் கிலோவுக்கு 80 பைசா மிஞ்சியது. கடைசி இரண்டு லோடை இறக்கவே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். பழம் மரத்தடியில் விழுந்து கிடந்தது. நாலாம் நாள் காலையில் தோப்புக்குள் நுழைந்தேன். ஈயும் குளவியும் கிறுகிறுத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தன. அந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. லோடியில் அந்தக் கொட்டகையில் வீசியது அதுதான்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாம்பழத்தில் ஒயின் ஆகுமா? ஆகும் என்றால் சட்டம் விடுமா? இரண்டும் சரி என்றால், வயதான ஒரு புருஷன் பெண்டாட்டியால் இதை நடத்த முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், விவரம் வேண்டும்.

ஜூஜூவாடி (ஓசூர்)

டீச்சரம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டையும் கேட்டிருக்கமாட்டீர்கள். முடியாது.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் வருடத்தது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஒரு ஜாடிதானே, வீட்டு உபயோகத்துக்குத்தானே என்பதெல்லாம் எடுபடாது. அந்தச் சட்டம் முதன்முதலில் எங்கே நடைமுறைக்கு வந்தது தெரியுமா? சென்னை மாகாணம் முழுவதிலும் சேலம் மாவட்டத்தில்தான் முதலில், 1937 அக்டோபர் 1. அன்றைக்கு உங்கள் காவேரிப்பட்டணமும் எங்கள் ஓசூரும் சேலம் மாவட்டம். கொண்டுவந்த ராஜாஜி எங்கள் தொரப்பள்ளியில் பிறந்தவர். நீங்கள் தேர்ந்தெடுத்த மண் அப்படிப்பட்டது.

அதன் பிறகு 1971இல் மதுவிலக்கு போனது, 1974இல் திரும்பி வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்கு வந்தது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். நட்சத்திர ஓட்டல், கிளப் உரிமங்கள் வேறு கணக்கு. நீங்கள் உரிமம் வாங்கி ஆலையே கட்டினாலும், தோப்பில் மேஜை போட்டு வருகிறவர்களுக்கு ஊற்றி, அங்கேயே புட்டியை விற்பதற்கு வழியில்லை. லோடியில் நீங்கள் எண்ணிய 14 பேரும் அந்த மேஜைக்கு வந்தவர்கள். அந்த மேஜைதான் இங்கே கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. கர்நாடகத்தில் திராட்சை ஒயினுக்கென்று 1968இலேயே தனி விதி போட்டார்கள். 2007இல் ஒயின் கொள்கையும் வந்தது. நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாப்பூர் பக்கம் குரோவர் என்ற ஒயின் தோட்டம் 1988இலிருந்து இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் காரில் போய், தோட்டம் சுற்றிப் பார்த்து, ருசித்துவிட்டு வருகிறார்கள். என் மைத்துனருக்குச் சிக்கபள்ளாப்பூர் பக்கம் திராட்சை இருக்கிறது. லோடியில் குளிர் வந்தால் கொடி தானே இலை உதிர்த்துத் தூங்கிவிடும். இங்கே அது தூங்குவதில்லை, நாம்தான் தூங்கவும் எழவும் வைக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் இன்னொரு கவாத்து, பிப்ரவரி மார்ச்சில் அறுவடை. நட்டு மூன்றாம் வருடம்தான் ஒழுங்கான காய். அறுபது வயதில் புதிதாகத் திராட்சை நடச் சொல்லமாட்டேன்.

அங்கே செய்து இங்கே கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். என் பெயரைப் பார்த்தீர்களா? அது சோதனைச்சாவடி இருக்கும் ஊர்.

மாங்கூழ் (பர்கூர்)

சட்டத்தை அவர் சொல்லிவிட்டார். முதல் கேள்வியைப் பொருளாக மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் ஒரு கூழ்த் தொழிற்சாலையில் 12 வருடம் தரப் பரிசோதனை பார்த்தவன். உங்கள் லாரியை வாசலில் நிறுத்தி வைத்தது நானாக இருந்தால் மன்னியுங்கள்.

பெங்களூராவில் ஒயின் ஆகும். ஆனால் சப்பென்று ஆகும். பழத்தின் இனிப்பைப் பிரிக்ஸ் என்ற அளவில் பார்ப்போம். நன்றாகப் பழுத்த பெங்களூராக் கூழ் 14இலிருந்து 16 வரை நிற்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் தருகிறது. பிரிக்ஸைப் பாதியாக்கி ஒரு கை கூடச் சேர்த்தால் ஆல்கஹால் விழுக்காடு கிட்டத்தட்டக் கிடைக்கும். 15 என்றால் 8. ஒயின் திராட்சை 24 வரை பழுத்த பிறகு பறிக்கிறார்கள், அதனால் 13 வருகிறது. 8இல் நிற்கும் சரக்கு நாள்பட நிற்காது, காடியாகத் திரும்பப் பார்க்கும். சர்க்கரை கொட்டி ஏற்றலாம், ஆனால் அப்போது குடிப்பது பாதி உங்கள் தோப்பு, பாதி கரும்பாலை.

இன்னொன்று, மாங்கூழ் சாறு அல்ல, களி. அதில் இருக்கும் பெக்டின் தெளிய விடாது. நொதிப்பொருள் போட்டு உடைக்க வேண்டும். பெக்டின் உடையும்போது மிகச் சிறிய அளவில் மெத்தனாலும் வரும். 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் படித்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் நடுங்குவார்கள். அங்கே சாராயத்தில் மெத்தனாலைக் கலந்தார்கள். பழத்தில் வருவது எல்லாப் பழ ஒயினிலும் உள்ள துளி. ஆனாலும் ஆய்வகத்தில் அளந்து பார்க்காமல் இன்னொருவர் வாயில் ஊற்றுகிற பொருள் அல்ல அது.

மூன்றாவது சூடு. நொதிக்கும்போது தொட்டி தானாகவே சூடேறும். பழ வாசனை நிற்க வேண்டுமானால் 15, 18 டிகிரியில் பிடித்து வைக்க வேண்டும். உங்கள் பழம் ஜூனில் வருகிறது. ஜூனில் காவேரிப்பட்டணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிரூட்டும் இயந்திரமும் அதற்கான மின்சாரமும்தான் உங்கள் முதல் செலவு.

வாசனை என்றதும் தொழில் ரகசியம் ஒன்று. எடைக்குப் பெங்களூரா, மணத்துக்கு அல்போன்சா. பெங்களூராவைத் தனியாக நிறுத்தினால் அது பேசாது.

தோப்புக்கார டீச்சர்

ஜூஜூவாடி தம்பிக்கு நன்றி. ராஜாஜி விஷயம் என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நான் இந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்தவர், நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியதும் சிரிக்கிறார்.

மாங்கூழ் ஐயா, பெங்களூரா பேசாது என்று எழுதிவிட்டீர்கள். பள்ளிக்கூட வாசலில் அதைக் காயாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்றால் எந்தப் பிள்ளை பேசாமல் போனது?

மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பாலக்கோட்டுக்காரி (லோடி பக்கம்)

டீச்சர், உங்கள் மூன்றாவது கேள்வியைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் பாலக்கோடு. அவர் அரூர். 17 வருடமாக இங்கே இருக்கிறோம், 8 வருடமாக எங்கள் பெயரில் ஒயின் வருகிறது. நீங்கள் போனது எங்கள் கொட்டகை அல்ல. எங்களுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை, தோட்டமும் கிடையாது.

ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, எங்களிடம் ஒரு கொடிகூட இல்லை. சின்ன லேபிள்கள் பலவற்றின் நிலை இதுதான். பக்கத்துத் தோட்டக்காரரிடம் வருடத்துக்கு 3 டன் ஜின்ஃபாண்டல் திராட்சை வாங்குகிறோம். வேறொருவரின் ஆலையில் இடம் வாடகைக்கு எடுத்து அரைத்து, நொதிக்க வைத்து, பீப்பாயில் அடைக்கிறோம். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 60 பெட்டி, பெட்டிக்கு 12 புட்டி. ஆக வருடத்துக்கு 2,160 புட்டி சுமார். நீங்கள் பார்த்த கிழட்டுக் கொடிகளில் சில நூறு வயது தாண்டியவை. இங்கே மண் மணற்பாங்கு. வேரைத் தின்னும் பிலாக்சரா பூச்சிக்கு மணல் ஆகாது, அதனால் பிழைத்தன.

ஜூஜூவாடி அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. இந்த நாட்டிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குதான். ஆனால் வீட்டுக்கு 200 காலன் வரை பழரசம் புளிக்க வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். லோடிக்காரர்கள் திராட்சையை ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பித் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தூரம் அந்த 200 காலன். இன்றைக்கு கலிபோர்னியாவில் 02 என்ற எண்ணில் ஒரு உரிமம் உண்டு. செய்கிறவரே ஊற்றலாம், அங்கேயே விற்கலாம். அது இல்லையென்றால் நாங்களும் இல்லை. கடை வழியாகப் போனால் விநியோகஸ்தர், கடைக்காரர் இருவரும் எடுத்தது போகப் புட்டி விலையில் பாதிகூட எங்கள் கைக்கு வராது. மேஜையில் விற்றால் முழுதும் வருகிறது. எங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அந்த மேஜையும், அங்கே வந்து உறுப்பினரானவர்களுக்கு வருடத்தில் மூன்று முறை அனுப்பும் பெட்டியும்தான். ஒயின் செய்வது அவர் வேலை, மேஜை என் வேலை. எது கடினம் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கக்கூடாது.

அந்த 15 டாலர் கணக்கை நீங்கள் போட்டிருப்பீர்கள். செலவுப் பக்கத்தையும் போடுங்கள். ஒரு ஆளுக்கு ஐந்து வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி. ஒரு புட்டி 25 பேருக்கு வரும். மழை நாளில் நான்கு பேர்தான் வருவார்கள். ஆனால் ஐந்து புட்டியும் திறந்தாக வேண்டும். திறந்த புட்டி மூன்றாம் நாள் செத்துவிடும். எங்கள் வீட்டில் மட்டன் குழம்பில்கூட ஒரு காலத்தில் ஜின்ஃபாண்டல்தான். வெள்ளி, சனி, ஞாயிறு திறந்திருக்கிறோம். அதாவது 8 வருடமாக எங்களுக்கு ஞாயிறு கிடையாது. கல்யாணம், சீமந்தம், பிள்ளையின் பந்தய விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒருவர்தான் போவோம், மற்றவர் மேஜையில். நாங்கள் சண்டை போடுவதுகூடத் திங்கட்கிழமைதான்.

ஒரு வருடம் பழம் மிதமிஞ்சிப் பழுத்துவிட்டது. ஜின்ஃபாண்டல் ஒரே குலையில் பச்சையும் இருக்கும், காய்ந்து வற்றிய பழமும் இருக்கும். பறிக்கும்போது சரியாகத் தெரிந்த இனிப்பு, தொட்டியில் ஊறிய பிறகு ஏறியது. அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் பாதியில் மயங்கி நின்றுவிட்டது. தொட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அவர் இரவு இரண்டு மணிக்கு ஆலையில் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். பேச ஒன்றும் இல்லை, சும்மா கூப்பிட்டார். அந்தத் தொட்டியை மீட்க ஆறு வாரம் ஆனது. மேஜையில் நான் அந்த ஒயினுக்கு என்ன கதை சொன்னேன் தெரியுமா? இதே கதையைத்தான். அந்த வருடம் அதுதான் முதலில் தீர்ந்தது.

கதை என்றதும் இன்னொன்று. ஆரம்பத்தில் இங்கே உள்ளவர்கள் சொல்கிற வார்த்தைகளையே நானும் சொன்னேன். பிளாக்பெர்ரி, சிடார் மரம், தோல் வாசனை. நான் பிளாக்பெர்ரியை முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். ஒருநாள் சலித்துப்போய், "எங்கள் ஊரில் நாவல்பழம் என்று ஒன்று உண்டு, தின்றால் நாக்கு நீலமாகித் தடிக்கும், அதற்குத் துவர்ப்பு என்று பெயர்" என்றேன். மேஜை அமைதியானது. எங்களுக்கு அறுசுவையில் ஒன்று அது, பாக்கிலும் வாழைப்பூவிலும் குழந்தையிலிருந்தே தெரிந்தது. அவர்கள் அதை டானின் என்று சொல்லி விளக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் நாக்கு நுனியில் வைத்ததும் சொன்னீர்களே, அது எனக்கு வர ஆறு வருடம் ஆனது.

அதனால் கேட்கிறேன். அந்தக் கொட்டகையில் உங்களுக்குப் பிடித்தது ஒயினா, மேஜையா? ஒயினாக இருக்க முடியாது, நீங்கள் விழுங்கவே இல்லை. உங்கள் தோப்பில் ஐந்து வகைப் பழம் நிற்கிறது. ஐந்து கோப்பைக்குப் பதில் ஐந்து தட்டு வைத்தால் எந்த மதுவிலக்குச் சட்டம் உங்களைத் தடுக்கும்? வரிசை மட்டும் முக்கியம். புளிப்பும் துவர்ப்பும் முதலில், இனிப்பு கடைசியில். மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும்.

ஜூஜூவாடி

பாலக்கோட்டுத் தங்கச்சி சொன்னது நல்ல யோசனை. ஒன்றே ஒன்று, அறுத்து வைத்து விற்பது உணவு வியாபாரம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். கல் வைத்துப் பழுக்க வைக்கும் வேலை கூடவே கூடாது, கார்பைடுக்குத் தடை இருக்கிறது.

தோப்புக்கார டீச்சர்

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். இந்த இழையை யாராவது இன்னும் பார்க்கிறீர்களா?

ஜூன் மாதத்தில் நான்கு ஞாயிறு நடத்தினோம். பதிவு எண் வாங்கியாயிற்று. கல் எங்கள் தோப்பில் எப்போதும் கிடையாது, வைக்கோல்தான். மாமியார் மல்கோவாவின் கீழ் இரண்டு பெஞ்சு, பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்டபோது வாங்கியவை. முதல் ஞாயிறு 9 பேர், அதில் 4 பேர் என் பழைய மாணவர்கள், டீச்சர் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா என்று வந்தவர்கள். மூன்றாம் ஞாயிறு 23 பேர். பெங்களூரிலிருந்து சேலம் போகிற கார்கள் இரண்டு நின்றன. தலைக்கு 100 ரூபாய், போகும்போது விருப்பப்பட்டால் ஐந்து கிலோப் பெட்டி. இமாம்பசந்து இரண்டு மரமும் அங்கேயே தீர்ந்தது. தொழிற்சாலைக்குப் போன பெங்களூரா இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. 16 டன்னை ஐந்து தட்டில் விற்க முடியாது. நான்கு ஞாயிறும் சேர்த்து, செலவு போக, நான் வெளியில் சொல்ல வெட்கப்படாத ஒரு தொகை வந்தது. நாத்தனாரும் வந்தாள். மல்கோவா நார் அதிகம் என்று சொல்லிவிட்டு நான்கு துண்டு தின்றாள்.

வரிசையில்தான் தகராறு. முதல் ஞாயிறு எல்லாவற்றையும் பழமாகவே வைத்தோம், செந்தூராவில் தொடங்கி. பெங்களூரா மூன்றாவது. மாங்கூழ் ஐயா சொன்னபடியே அது பேசவில்லை. தட்டில் அப்படியே மிஞ்சியது. இரண்டாம் ஞாயிறு அதைக் காயாக, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, முதல் தட்டாக வைத்தேன். அதன் பிறகு பேச்சு ஓயவில்லை. என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. காரம் நாக்கில் நின்றுவிடும், அடுத்த இரண்டு தட்டுக்கும் ருசி தெரியாது என்கிறார். பாலக்கோட்டுக்காரி, நீ சொல், யார் சரி?

பாலக்கோட்டுக்காரி

ஐயா சரி, டீச்சர். மிளகாய்த்தூள் நாக்கை மரக்கடித்துவிடும். உப்பு மட்டும் போடுங்கள், அடுத்த தட்டுக்கு முன் ஒரு வாய் தண்ணீர். அந்தத் தண்ணீரை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள், லோடியில் அவர் குடித்தது அதுதானே.

தோப்புக்கார டீச்சர்

அவரிடம் படித்துக் காட்டினேன். பேரேட்டை எடுத்து வந்து, "மிளகாய்த்தூள் செலவு" என்று இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அந்தப் பேரேட்டில்தான் பார்த்தேன், கடைசி ஞாயிறுக்கு எதிரே அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "நீலம் - தோல் ஓரம் துவர்க்கிறது. அடுத்த வருடம் நான்கு நாள் கூட வைக்கோலில் இருக்கட்டும்."